மாம்பலத்திலிருந்து குரோம்பேட்டைக்கு: வீடு மாற்றுவதற்கு முன் செய்த வேலைகள்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த கட்டடம் நாற்பது வருடத்துக்கு மேல் பழையது. அதை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு பில்டரிடம் கொடுக்கிறோம், மே மாதத்துக்குள் காலி செய்து கொடுங்கள் என்று வீட்டுக்காரர் பொங்கல் முடிந்த கையோடு சொல்லிவிட்டார். மாம்பலம், தி.நகர், அசோக் நகர் பக்கம் இது இப்போது சாதாரணம். எந்தத் தெருவில் நடந்தாலும் பச்சைத் துணி போர்த்திய கட்டடம் ஒன்றாவது கண்ணில் படும். எங்களுக்குக் கிடைத்த நாலு மாத அவகாசம் பெரிது. அதை ஒழுங்காகப் பயன்படுத்தியதால்தான் மாமியார், ஏழாவது படிக்கிற மகள், பதினேழு வருடம் சேர்ந்த சாமான் எல்லாவற்றோடும் சேதாரம் இல்லாமல் குரோம்பேட்டைக்கு வந்து சேர்ந்தோம்.

வீடு மாற்றப் போகிறோம் என்றதும் எல்லோரும் அட்டைப்பெட்டி தேட ஆரம்பிக்கிறார்கள். சாமான் கட்டுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். போகிற வீட்டை முழுசாகத் தயார் செய்து, எந்தப் பொருள் எந்தச் சுவரோரம் நிற்கப் போகிறது என்று முடிவான பிறகு பெட்டியைத் தொட்டால் போதும். அந்த வரிசையை மாற்றாமல் இருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது.

அதற்கும் முன்னால் பணம். சென்னையில் வீடு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் திணறுவது இங்கேதான். பழைய வீட்டு அட்வான்ஸ் சாவியைக் கொடுத்த பிறகுதான் கைக்கு வரும். புது வீட்டு அட்வான்ஸை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். நடுவில் தரகருக்கு ஒரு மாத வாடகை, புது வீட்டின் முதல் மாத வாடகை, வண்டிக் கூலி, ஏ.சி. கழற்றி மாட்டும் செலவு, எலெக்ட்ரீஷியன், கார்பெண்டர் என்று வரிசையாக நிற்கும். ஒரு காலத்தில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது இந்த ஊர் வழக்கம். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த 'ஒழிய' இருப்பதால் ஐந்து மாதம், ஆறு மாதம் கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் குறைக்கிறார்கள். எங்கள் புது வீட்டுக்காரர் குறைத்துக்கொண்டார்.

பழைய வீட்டில் பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது வழக்கம். இடிக்கப் போகிற கட்டடத்துக்கு எதற்கு பெயின்ட் என்று என் கணவர் பிப்ரவரியிலேயே கேட்டார். வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். கட்டடத்தைக் காலி செய்து வாங்கும் அவசரம் அவருக்கும் இருந்ததால், அட்வான்ஸில் பாதியை ஏப்ரலிலேயே தந்துவிடவும் சம்மதித்தார். பேசியது எல்லாவற்றையும் வாட்ஸப்பில் எழுதி அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கி வைத்துக்கொண்டோம். இந்தப் பேச்சை எல்லாம் சாவி கொடுக்கிற அன்றைக்கு வாசலில் நின்று பேசக் கூடாது. அப்போது வண்டி நிற்கும், ஆட்கள் நிற்பார்கள், மனசு எதற்கும் தலையாட்டிவிடும்.

குரோம்பேட்டையைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் ரயில். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதையில்தான் மாம்பலமும் இருக்கிறது, குரோம்பேட்டையும் இருக்கிறது, என் கணவர் வேலை பார்க்கும் நுங்கம்பாக்கமும் இருக்கிறது. வீடு பார்க்கும்போது இரண்டு விஷயத்தில் நாங்கள் கறாராக இருந்தோம். ஒன்று தண்ணீர். புறநகரில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர்தான். வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் ஹாலைக் காட்டும்போது நான் பாத்ரூமுக்குப் போய் ஷவரையும் குழாய் முனையையும் பார்ப்பேன். வெள்ளையாகப் படிந்து கெட்டித்துப் போயிருந்தால் அந்தத் தண்ணீரில் வாஷிங் மெஷினும் கீசரும் சீக்கிரம் போய்விடும். பிடித்த வீட்டில் இருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், அதில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகப் போட்டுப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு லேசில் குழையாது. குழைந்தது, அத்தை தலையாட்டினார்கள், வீடு முடிவானது.

இரண்டாவது, மழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேட்காமல் சென்னையில் யாரும் வீடு பிடிக்கக் கூடாது. இதை வீட்டுக்காரரிடமோ தரகரிடமோ கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரிடம் கேட்டேன். "மிக்ஜாமுக்கு அந்தக் கடைசித் தெருவுல முட்டி வரைக்கும் நின்னுச்சும்மா. இங்க ரோடு மேடு, காலையில வடிஞ்சிருச்சு" என்று கையை நீட்டிக் காட்டினார். நாங்கள் பார்த்தது இரண்டாவது மாடிதான். ஆனாலும் வண்டி நிறுத்துமிடம், சம்ப், மோட்டார், ஈ.பி. மீட்டர் பெட்டி எல்லாம் கீழேதானே இருக்கின்றன? மீட்டர் பெட்டி தரையில் இருந்து நல்ல உயரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

சரி, புது வீட்டைத் தயார் செய்த கதைக்கு வருகிறேன். இரண்டு வாரம் இரண்டு வீட்டுக்கும் வாடகை கொடுப்பது என்று முடிவெடுத்தோம். சொந்தக்காரர்கள் சிலர் வீண் செலவு என்றார்கள். எனக்கு அந்த எண்ணம் ஒரு நிமிஷம்கூட வரவில்லை. காலி வீட்டில் ஒரு நாளில் முடிகிற வேலை, சாமான் வந்து இறங்கிய பிறகு ஒரு வாரம் இழுக்கும். சுவரில் ஓட்டை போடும் தூசி ஒன்று போதும்.

முதலில் டேப் எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் அளந்தோம். அறைகளின் நீள அகலம் மட்டும் இல்லை. வாசல் கதவின் அகலம், பெட்ரூம் கதவின் அகலம், லிப்ட்டின் உள்பக்க ஆழம், படிக்கட்டு திரும்புகிற இடம், ஃபிரிட்ஜ் நிற்கும் மூலை, வாஷிங் மெஷின் குழாயின் உயரம், எல்லாம். பழைய வீட்டில் கட்டில், பீரோ, சோபா, டைனிங் டேபிள் ஆகியவற்றை அளந்தோம். மகள் கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு அரை அடி என்று வைத்து வீட்டை வரைந்து, சாமான்களைக் காகிதத்தில் வெட்டி அதன்மேல் நகர்த்திப் பார்த்தாள். ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிளை எப்படி வைத்தாலும் பால்கனிக் கதவை மறைக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதை ஏப்ரலிலேயே விற்றுவிட்டோம். லாரியில் ஏற்றி, இறக்கி, ஹாலில் முட்டிக்கொண்டு நின்ற பிறகு விற்பதாக இருந்தால் வந்த விலைக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

பிளக் பாயின்ட்டைப் பலரும் கவனிப்பதில்லை. ஏ.சி., கீசர், வாஷிங் மெஷின் ஆகியவற்றுக்குப் பெரிய பிளக் வேண்டும். எங்கள் புது வீட்டில் வாஷிங் மெஷின் இடத்தில் சின்ன பிளக்தான் இருந்தது. எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லி அதை மாற்றினோம். ஏ.சி. குழாய்க்குச் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கினோம். அப்புறம் ஜன்னல்களுக்குக் கொசுவலை. சென்னையில் கொசுவலை இல்லாத முதல் ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது. காலி அலமாரிகளுக்குக் கரப்பான் மருந்து அடித்து, இரண்டு நாள் மூடி வைத்துத் துடைத்தோம். அத்தைக்காக பாத்ரூமில் கம்மோடுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் குளிக்கிற இடத்தில் ஒன்றும் பொருத்தினோம். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் புது வீட்டில் முதல் சில நாட்களில் வழுக்கி விழுந்துவிடலாம். ராத்திரி எழுந்திருக்கும்போது பழைய வீட்டு நினைப்பில் கால் போகும். இந்த ஒரு வேலையை மட்டும் யாரும் 'போன பிறகு பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட வேண்டாம்.

அடுக்ககம் என்றால் அசோசியேஷன் செயலாளரைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது. சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றி இறக்க விடமாட்டார்கள், சில இடங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் கூடாது, சில இடங்களில் பெரிய சாமானை லிப்ட்டில் ஏற்றக் கூடாது. எங்கள் அசோசியேஷனில் வார நாள், காலை ஒன்பது மணிக்கு மேல் என்றார்கள். வண்டியை அதற்கேற்ப வரச் சொன்னோம்.

வார நாள் என்பது எங்களுக்கு வசதியாகவே அமைந்தது. நம் ஊரில் எல்லோரும் ஒரே முகூர்த்த நாளில்தான் குடிபோகிறார்கள். அன்றைக்கு வண்டியும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது, கிடைத்தாலும் கூலி எக்கச்சக்கம். அத்தை பஞ்சாங்கம் பார்த்து வைகாசி பிறந்ததும் ஒரு நல்ல நாளைக் குறித்தார்கள். அன்றைக்குப் பால் காய்ச்ச மட்டும் போனோம். சாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, ஒரு அடுப்பு, புதுப் பாத்திரம், அவ்வளவுதான். விளக்கேற்றிப் பால் காய்ச்சி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டோம். சாமான் போனது அதற்கடுத்த வாரம், ஒரு சாதாரண புதன்கிழமை. ஆடியில் குடிபோகக் கூடாது என்று நினைக்கிற குடும்பங்களில், ஆனி மாதமே பால் காய்ச்சிவிட்டு ஆடியில் சாமானைக் கொண்டு போகிறவர்கள் உண்டு. வீட்டுப் பெரியவர்களுக்குச் சம்மதம் என்றால் இது மிக நல்ல ஏற்பாடு.

கழிக்கிற வேலையைப் பிப்ரவரியில் பரணில் இருந்து தொடங்கினோம். பரணில் இருப்பவைதான் இல்லாமலே வாழப் பழகிவிட்ட பொருட்கள், அதனால் அங்கே முடிவெடுப்பது சுலபம். பழைய பேப்பர்காரர், காயலான் கடைக்காரர் இருவரையும் மாதம் ஒருமுறை வரச் சொல்லிவிட்டோம். ஓட்டை விழுந்த எவர்சில்வர், நசுங்கிய அலுமினியம், பித்தளை எல்லாவற்றையும் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு, தேவையான இரண்டு பாத்திரம் வாங்கிக்கொண்டோம். மகளின் பழைய பாடப்புத்தகங்கள் அதே கட்டடத்தில் கீழ் வகுப்புப் பையனுக்குப் போயின. மார்ச்சில் இருந்து மாத மளிகையை நிறுத்திவிட்டு, இருப்பதைத் தீர்த்தோம். சேமியா, ரவை, வத்தல், ஊறுகாய் என்று தேடித் தேடிச் சமைத்தோம். மே மாதம் சமையலறையில் டப்பாக்கள்தான் இருந்தன, உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. நிரம்பிய டப்பாவைக் கட்டுவதும் காலி டப்பாவைக் கட்டுவதும் ஒன்றா? கூட்டம் இல்லாத மத்தியான ரயிலில் போகும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு பை எடுத்துப் போனோம். கண்ணாடிச் சாமான், புகைப்பட ஆல்பம், தையல் பெட்டி எல்லாம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. நகையும் மூலப் பத்திரங்களும் பேங்க் லாக்கருக்குப் போயின.

கொலு பொம்மைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அத்தையின் அம்மா காலத்துப் பொம்மைகள், பெரும்பாலும் களிமண். தசாவதாரம் செட், செட்டியார்–செட்டியாரம்மா, மரப்பாச்சி ஜோடி, அப்புறம் அத்தையின் கல்யாணத்தில் வந்த கிருஷ்ணர் ஒன்று, முக்கால் அடி உயரம், நீட்டிய கையில் புல்லாங்குழல். "இதை ஆளுங்க கையில கொடுக்காதே, நானே கட்டித் தரேன்" என்றார்கள் அத்தை. ஒரு வாரம் தினமும் மத்தியானம் ஹாலில் உட்கார்ந்து கட்டினார்கள். பழைய நூல் புடவைகளை முழ நீளத்துக்குக் கிழித்து வைத்துக்கொண்டு, முதலில் கை, மூக்கு, கிரீடம் போன்று நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தின் இடுக்கில் பஞ்சு வைப்பார்கள். பிறகு துணியைச் சுற்றி நூலால் கட்டுவார்கள். அதன்மேல்தான் செய்தித்தாள். நேரடியாகச் செய்தித்தாள் சுற்றினால் மை வண்ணத்தில் ஒட்டும், பிளாஸ்டிக் சுற்றினால் வியர்த்து வண்ணம் உரியும் என்றார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் மடித்த போர்வை, அதன்மேல் பொம்மைகள். நிற்கிற பொம்மையை நிற்க வைத்துத்தான் அடுக்கினார்கள், படுக்க வைக்கவில்லை. இடைவெளியில் தலையணை உறைக்குள் திணித்த துணிகள். மூடியைச் சாத்திவிட்டுப் பெட்டியை மெல்ல ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஏதாவது நகர்கிற சத்தம் கேட்டால் மறுபடி திறந்து இன்னும் துணி வைப்பார்கள். நாங்கள் பீங்கான், கண்ணாடிச் சாமானைக் கட்டியதும் இதே முறையில்தான். ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது, அது ஒன்றுதான் கணக்கு. பொம்மைப் பெட்டிகள் லாரியில் ஏறவில்லை. ஒரு காரில் பின்சீட்டில் வைத்து, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். கிருஷ்ணரின் புல்லாங்குழல்கூட முறியவில்லை.

பெட்டிக்கு மளிகைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லி வைத்தோம். பெரிய பெட்டிகளில் துணி, மெத்தை உறை. சின்னப் பெட்டிகளில் புத்தகம், பாத்திரம். பெரிய பெட்டியில் புத்தகத்தை அடுக்கினால் அடி பிய்ந்துவிடும், தூக்குகிறவர் முதுகும் போய்விடும். ஒட்டு டேப், குமிழ் பிளாஸ்டிக் உருளை ஆகியவற்றைப் பாரிமுனையில் மொத்தமாக வாங்கியது மலிவாக இருந்தது.

பெட்டிமேல் 'பாத்திரம்', 'துணி' என்று எழுதுவது நமக்கு உதவும், தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு உதவாது. அவருக்குத் தெரிய வேண்டியது எங்கே வைப்பது என்பது மட்டும். மகளின் யோசனைப்படி அறைக்கு ஒரு நிறம் வைத்தோம். சமையலறைக்குச் சிவப்பு, அத்தை அறைக்கு மஞ்சள், எங்கள் அறைக்கு நீலம், ஹாலுக்குப் பச்சை. பெட்டியின் இரண்டு பக்கத்திலும் நிறக் காகிதமும் எண்ணும் ஒட்டினோம், புது வீட்டுக் கதவுகளிலும் அதே நிறத்தை ஒட்டினோம். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பது ஒரு நோட்டில். அன்றைக்கு வந்த லோடுமேன் ஒருவர் முதல் பெட்டியோடு நின்று "அக்கா, செவப்பு எங்க?" என்று கேட்டார். கதவைக் காட்டினேன். அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கழற்றுகிற சாமான்கள் விஷயத்தில் ஒரே விதி: கழற்றிய திருகாணி, போல்ட் எல்லாம் ஒரு சின்னப் பையில் போட்டு, எந்தக் கட்டிலுடையதோ அந்தக் கட்டிலின் பலகையிலேயே ஒட்டிவிட வேண்டும். கழற்றுவதற்கு முன் மொபைலில் படம் எடுத்துக்கொண்டால் பூட்டும்போது தகராறு இல்லை. டிவி, மோடம் ஆகியவற்றின் பின்பக்க ஒயர்களையும் அப்படியே படம் எடுத்தோம். இன்டர்நெட் இணைப்பு புது முகவரியில் கிடைக்குமா என்று ஒரு மாதம் முன்பே கேட்டுவிட்டோம்.

ஸ்பிளிட் ஏ.சி.யை வெறும் ஸ்பேனர் தெரிந்தவரிடம் கொடுக்கக் கூடாது. தெரிந்த மெக்கானிக் ஏ.சி.யை ஓடவிட்டு, கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து, வால்வை மூடிவிட்டுத்தான் கழற்றுவார். இல்லையென்றால் கேஸ் வெளியேறி, புது வீட்டில் மறுபடி நிரப்பும் செலவு வரும். ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து, ஐஸ் உருகித் துடைத்துக் காயவிட வேண்டும். வண்டியில் நிற்க வைத்தே கொண்டு போக வேண்டும். போய் இறக்கியதும் ஸ்விட்ச் போடாமல் சில மணி நேரம் நிற்கவிட வேண்டும். முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷின் என்றால், வாங்கும்போது டிரம்மைப் பிடித்து வைக்கக் கொடுத்த நீளமான போல்ட்டுகளைத் தேடி எடுங்கள். அவற்றை மாட்டாமல் லாரியில் ஏற்றினால் டிரம் ஆடி உள்ளே அடிபடும். இன்வெர்ட்டர் பேட்டரி சாயக் கூடாது, உள்ளே ஆசிட். கிரைண்டர் கல்லைத் தனியாக எடுத்துச் சாக்கில் கட்டுங்கள். பீரோவைக் காலி செய்து, கண்ணாடிக் கதவில் அட்டை வைத்துக் கட்டுங்கள்.

வண்டிக்கு மூன்று இடத்தில் விலை கேட்டோம். போனில் சொல்கிற விலையை நம்பாமல், நேரில் வந்து பார்த்துப் பட்டியல் எழுதிக்கொள்கிறவர்களை மட்டும் வரச் சொன்னோம். ஏற்றுவது, இறக்குவது, லிப்ட் இல்லாத பழைய வீட்டின் இரண்டாவது மாடி, கட்டில் பிரித்துப் பூட்டுவது, கட்டும் சாமான்கள், டோல், எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்கினோம். எங்கள் கட்டடத்திலேயே எங்களுக்கு முன் காலி செய்த ஒருவரிடம், சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு மாடிக்குத் தனிக்கூலி என்று கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கொடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கவும் கூடாது. குட்டியானை என்கிற சின்ன வண்டியில் இரண்டு நடை போகலாம் என்று முதலில் நினைத்தோம். இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமானுக்கு 14 அடி வண்டி ஒரே நடையில் போதும் என்று பட்டியல் எழுதியவர் சொன்னார், அதுதான் சரியாக இருந்தது. மாம்பலத்துத் தெருக்களின் குறுகல் தெரிந்ததுதானே. முதல் நாள் ராத்திரியே எங்கள் ஸ்கூட்டரையும் பக்கத்து வீட்டுக்காரர்களின் இரண்டு பைக்கையும் வாசலில் வரிசையாக நிறுத்தி, வண்டிக்கு இடம் பிடித்து வைத்தோம்.

சாமான் போன அன்று கத்திரி வெயில். ஏற்றுகிற வேலை காலை ஆறு மணிக்கே தொடங்கியது. ஒரு பெரிய பாத்திரத்தில் மோர் கரைத்து, உப்பும் இஞ்சியும் கருவேப்பிலையும் போட்டுப் படிக்கட்டு ஓரத்தில் வைத்துவிட்டேன். இரண்டு மாடி ஏறி இறங்குகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். அத்தையின் இன்சுலினை ஃபிளாஸ்க்கில் வைத்தோம். ஐஸ் நேரடியாக மருந்தில் படாதபடி துணியில் சுற்றி, என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். மாத்திரை, சுகர் பார்க்கிற மெஷின், டாக்டர் சீட்டு, எல்லோருடைய ஆதார், சார்ஜர்கள், இரண்டு வேளைக்கு மாற்றுத் துணி, சோப்பு, துண்டு, கத்தரிக்கோல், பல்பு ஒன்று, ஸ்க்ரூ டிரைவர், காபிப் பொடி, சர்க்கரை, நாலு டம்ளர், ஒரு பாய் எல்லாவற்றையும் ஒரு பையிலும் ஒரு பெட்டியிலுமாகத் தனியாக வைத்தோம். இந்தப் பையும் பெட்டியும் கடைசியாக வண்டியில் ஏறி முதலில் இறங்கின. புது வீட்டில் இரண்டு தண்ணீர் கேன் முதல் நாளே போடச் சொல்லியிருந்தோம். அத்தையும் மகளும் பொம்மைப் பெட்டிகளோடு காலையிலேயே போய்விட்டதால் அங்கே கதவைத் திறந்து வைக்க ஆள் இருந்தது. பழைய வீட்டில் ஒருவர், புது வீட்டில் ஒருவர் என்று குடும்பம் பிரிந்து நிற்பது அன்றைக்கு மிகப் பெரிய உதவி.

வண்டி கிளம்பியதும் பழைய வீட்டில் ஈ.பி. மீட்டரைப் படம் எடுத்தோம், புது வீட்டில் இறங்கியதும் அங்கேயும் எடுத்தோம். தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால், நடுவில் குடிவந்தால் பழைய குடித்தனக்காரரின் யூனிட்டும் நம் யூனிட்டும் ஒரே பில்லில் சேர்ந்து வரும். யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும். அவர்கள் ஓட்டிய ஏ.சி.க்கு நாம் உயர்ந்த விகிதத்தில் கட்ட நேரலாம். இலவச யூனிட் என்பதும் மொத்த பில்லுக்கு ஒருமுறைதான். வீட்டுக்காரரிடம் படத்தைக் காட்டி, யூனிட் கணக்கில் பிரித்துக்கொள்வது என்று முதலிலேயே பேசிவிட்டோம்.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றமாட்டார்கள், ஏற்றவும் கூடாது. பழைய ஏஜென்சியில் இருந்து குரோம்பேட்டை ஏஜென்சிக்கு இணைப்பை மாற்றச் சொல்லி முன்கூட்டியே பதிவு செய்தோம். பக்கத்து இடத்துக்குள் மாறுவதென்றால் சிலிண்டரை ஒப்படைக்க வேண்டியதில்லை. தூரத்து ஊருக்கு என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட் தொகையையும் சீட்டையும் வாங்கிக்கொண்டு அங்கே புதிதாக எடுக்க வேண்டும். இணைப்பு மாறி வரும் வரைக்கும் ஒரு மின் அடுப்பு கையில் இருந்தது.

மகளின் பள்ளி மாற்றத்தை ஆண்டுத் தேர்வு முடிந்த வாரமே முடித்தோம். டி.சி. வாங்கும்போது எமிஸ் எண்ணையும் (அரசுப் பதிவில் மாணவருக்கு உள்ள எண்) விடுவித்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புதுப் பள்ளியில் சேர்க்கை பதிவு நின்றுவிடும். ரேஷன் கார்டு, ஆதார் இரண்டுக்கும் கையில் வாடகை ஒப்பந்தம் இருந்தால் இ-சேவை மையத்தில் பார்த்துக்கொள்ளலாம். மாம்பலம் சென்னை மாவட்டம், குரோம்பேட்டை செங்கல்பட்டு மாவட்டம், தாம்பரம் மாநகராட்சி. அதனால் ரேஷன் கடை மட்டும் இல்லாமல் தாலுகாவும் மாறுகிறது, ஓட்டுப் போடும் தொகுதியும் மாறுகிறது. வாக்காளர் பட்டியலில் தொகுதி மாற்றப் படிவம் 8.

கடைசியாகத் தபால். பொதுவாகக் காலி செய்கிறவர்கள் வாட்ச்மேனிடமோ பக்கத்து வீட்டிலோ எண்ணைக் கொடுத்துவிட்டு வருவார்கள். எங்கள் கட்டடமோ இல்லாமலே போகப் போகிறது. செக் புத்தகம், ஏ.டி.எம். கார்டு, எல்.ஐ.சி. நோட்டீஸ் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வரும். பேங்க், இன்சூரன்ஸ் முகவரிகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கும்போதே, பழைய முகவரிக்குப் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தில் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி என் கணவர் மனு எழுதிக் கொடுத்தார். ஜூலையில் அத்தையின் பென்ஷன் சம்பந்தமான கடிதம் ஒன்று பழைய முகவரி அடித்து, புது முகவரி கையால் எழுதி வந்து சேர்ந்தது.